சக்கரத்தை ராவுவதா, அச்சை ராவுவதா?

எங்கள் வீட்டில் ஒரு பழைய தையல் மெஷின் இருக்கிறது. பாட்டிக்குப் பிறகு அம்மாவின் கைக்கு வந்தது. கறுத்த உடம்பில் பொன்னிறக் கொடி எழுதியிருக்கும். கொடியில் பாதி இப்போது இல்லை. இரண்டு தலைமுறை உள்ளங்கைகள் அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டன. ஒரு பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்தபோது மெஷினை நகர்த்தினார்கள். அது சரிந்து விழுந்தது. உடம்புக்கு ஒரு சேதமும் இல்லை. வலது பக்கத்துக் கைச்சக்கரம் மட்டும் விண்டு இரண்டு துண்டாகப் போயிற்று.

பழுது பார்க்க ஒருவர் வந்தார். தம் பையிலிருந்து வேறொரு சக்கரத்தை எடுத்தார். "எல்லாம் ஒரே மாதிரிதான் அம்மா" என்றார். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனால் அச்சில் ஏறவில்லை. சக்கரத்தின் துளை ஒரு நூல் சிறுத்திருந்தது. இப்போது இரண்டு வழிகள். சக்கரத்தின் துளையைப் பெரிதாக்கலாம். அதற்கு லேத் வேண்டும், லேத் இருப்பதோ அடுத்த தெருவில். அல்லது மெஷினின் அச்சை ராவி மெலியவைக்கலாம். அதற்கு வேண்டிய அரம் பையிலேயே இருந்தது. அவர் அச்சை ராவினார். கால்மணி நேரத்தில் மெஷின் ஓடிற்று. அம்மா காப்பியும் கொடுத்துக் கூலியும் கொடுத்து அனுப்பினாள்.

ஆறு மாதம் கழித்து மெஷின் 'கடகட'வென்று ஆட ஆரம்பித்தது. அரத்தால் ராவிய அச்சு வட்டமாக இருக்குமா? அதற்கும் ஒரு வருஷத்துக்குப் பிறகு, சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து அதே வயசு, அதே ஜாதி மெஷினின் அசல் சக்கரம் ஒன்று கிடைத்தது. அதைக் கொண்டுவந்து மாட்டினோம். தொளதொளவென்று சுற்றிற்று. அம்மா சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சக்கரத்தை ராவியிருக்கலாம், அச்சை ராவிவிட்டானே!" என்றாள்.

அந்த வார்த்தை என் மனத்தில் தங்கிவிட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு மோட்டார்க் காரின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அது மறுபடியும் காதில் விழுந்தது. கதை படிக்கும் வாசகர்களுக்குக் காரின் வயிற்றுக்குள் இருக்கும் சக்கரத்தைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதிலும் ஒரு சம்பந்தம் பேசுதல் இருக்கிறது. பொருத்தம் பார்த்தல் இருக்கிறது. பொருந்தாத இடத்தில் யார் விட்டுக்கொடுப்பது என்ற பழைய கேள்வியும் இருக்கிறது.

முதலில் சக்கரம். எஞ்சினுக்குள்ளே பெட்ரோல் ஆவி வெடித்துப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் கிராங்க் என்னும் கோணல் அச்சைச் சுழற்றுகிறது. ஆனால் ஒரு சிலிண்டர் எப்போதும் உழைத்துக்கொண்டிருப்பதில்லை. அச்சு இரண்டு சுற்றுச் சுற்றும்போது அது ஒரு தரம்தான் தள்ளும். மற்ற நேரமெல்லாம் புகையை வெளியேற்றுவதும், புது ஆவியை இழுப்பதும், அதை அமுக்குவதுமாகப் போகும். நான்கு சிலிண்டர் இருந்தால் அரைச் சுற்றுக்கு ஒரு தள்ளு கிடைக்கும். ஒரு தள்ளுக்கும் மறு தள்ளுக்கும் நடுவே எஞ்சின் நின்றுவிடாமல் யார் பார்த்துக்கொள்வது? குயவரைப் பாருங்கள். கோலை விட்டுச் சக்கரத்தை நாலு சுழற்றுச் சுழற்றிவிட்டுக் கோலைக் கீழே வைத்துவிடுகிறார். சக்கரம் தன் பாரத்தாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் இரண்டு கையாலும் பானையை எழுப்புகிறார். அந்த வேலையைத்தான் கிராங்க் அச்சின் நுனியில் பூட்டிய கனத்த இரும்புத் தட்டு செய்கிறது. அதற்குப் பிளைவீல் என்று பெயர். பறக்கும் சக்கரம் என்று தமிழில் சொன்னால் மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். அது பறப்பதில்லை, மற்றவை பதறாமல் பார்த்துக்கொள்கிறது.

இந்தத் தட்டுக்கு இன்னும் இரண்டு உத்தியோகம் உண்டு. அதன் விளிம்பைச் சுற்றிப் பற்கள் உண்டு. காரைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரம் முன்னே வந்து அந்தப் பற்களைக் கவ்வி எஞ்சினைச் சுழற்றிவிடுகிறது. தட்டின் முகமோ கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். கிளட்ச் தகடு வந்து அழுந்துவது அந்த முகத்தில்தான். ஆகவே பிளைவீல் எஞ்சினுக்குச் சொந்தமா, கியர் பெட்டிக்குச் சொந்தமா என்றால் பதில் சொல்வது கஷ்டம். பூட்டியிருப்பது எஞ்சினில், குடியிருப்பது கியர் பெட்டியின் மணி போன்ற வாய்க்குள். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே நிற்கும் பெண்ணின் நிலைமைதான் அதற்கும். இரண்டு வீடும் ஒரே காலத்தில் கட்டியவையானால் தொந்தரவில்லை. ஒன்று பழசு, மற்றது புதுசு என்றால் எல்லா வழக்கும் அதன் தலையில்தான் விழும்.

இப்போது காரின் கதைக்கு வருவோம். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு வருஷம், 1934-இல், ஜனங்கள் எல்லாரும் வாங்கக்கூடிய மலிவான கார் ஒன்றைத் திட்டமிடும் பொறுப்பு பெர்டினாண்ட் போர்ஷே என்ற எஞ்சினீயரிடம் வந்தது. அவரிடம் வேலை பார்த்த பிரான்ஸ் ரைம்ஸ்பீஸ் என்பவர் அதற்கு எஞ்சின் வரைந்தார். நான்கு சிலிண்டர்கள், இரண்டு இந்தப் பக்கமும் இரண்டு அந்தப் பக்கமுமாகப் படுத்துக்கொண்டிருக்கும். குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. காற்றாடி ஒன்று காற்றை வாரி அடிக்கும். உறைபனியில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்கும் பயமும் இல்லை. கோடையில் கொதிக்கும் பயமும் இல்லை. எஞ்சின் காரின் பின்புறத்தில் இருந்தது. அதைக் கியர் பெட்டியோடு பிணைத்தவை நான்கே நான்கு திருகுகள். இந்த நான்கு திருகுகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததற்கெல்லாம் மூலகாரணம் அவைதாம்.

1938 மே 26 அன்று தொழிற்சாலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். காரின் விலை 990 மார்க் என்றார்கள். வாரம் ஐந்து மார்க்குக்கு முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டிவந்தால் கார் கிடைக்கும் என்றார்கள். 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒட்டினார்கள். ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. யுத்தம் வந்தது. தொழிற்சாலை ராணுவ வண்டிகளைச் செய்தது. சுமார் 20,000 பேர், கைதிகளும் அயல்நாடுகளிலிருந்து பிடித்துவந்தவர்களும், அங்கே அடிமைகளாக வேலை வாங்கப்பட்டார்கள். பிறகு லட்சக்கணக்கான குடும்பங்கள் செல்லமாக 'வண்டு' என்று அழைத்த காருக்கு இப்படி ஒரு பிறவிக் கதை. இதை விட்டுவிட்டுச் சரித்திரம் சொல்வது நியாயமாகாது.

1945-இல் தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில் வந்தது. ஐவன் ஹர்ஸ்ட் என்ற மேஜர் இடிபாடுகளுக்கு நடுவே யந்திரங்களை ஓடவைத்தார். ராணுவத்துக்கு வண்டிகள் வேண்டியிருந்தன. 20,000 கார்களுக்கு உத்தரவு கிடைத்தது. ஊருக்கு வோல்ப்ஸ்பர்க் என்று புதுப் பெயர் வைத்தார்கள். 1948 ஜனவரியில் ஹைன்ரிஷ் நோர்டாப் என்பவர் நிர்வாகியாக வந்தார். அவர் ஒரு தீர்மானம் செய்துகொண்டார். காரின் உருவத்தை மாற்றுவதில்லை. உள்ளே இருப்பதை மட்டும் திருத்திக்கொண்டே இருப்பது. மற்றக் கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு முகம் மாற்றிக்கொண்டிருந்தபோது வோக்ஸ்வாகன் அதே முகத்தோடு வந்துகொண்டிருந்தது. 1943-இலேயே வந்துவிட்ட 1131 கன சென்டிமீட்டர் எஞ்சின் 25 குதிரைச் சக்தி கொடுத்தது. 1954-ஆம் வருஷ மாடலில் அது 1192 ஆகி 30 குதிரைச் சக்தியாயிற்று. 1960-இல் அநேகமாக முழுதும் புதிதாக வரைந்த 34 குதிரைச் சக்தி எஞ்சின் வந்தது. 1965-இல் 1300, 1966-இல் 1500.

வெளியே ஒரே வண்டு. உள்ளே ஒவ்வொரு வருஷமும் வேறு வண்டு. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முகம் ஒன்றாக இருப்பதால் உள்ளமும் ஒன்று என்று ஜனங்கள் நம்பினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பழுதுகாரர் சொன்னாரே, "எல்லாம் ஒரே மாதிரிதான் அம்மா" என்று!

நம்பியதிலும் பாதி நியாயம் இருந்தது. நான்கு திருகுகளின் இடம் மாறவில்லை. எஞ்சின் தேய்ந்தால் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, புதுப்பித்த எஞ்சினை வாங்கி மாட்டிக்கொள்ளும் வழக்கத்தைக் கம்பெனியே வளர்த்தது. காரைச் சற்றுத் தூக்கி நிறுத்தித் திருகுகளை அவிழ்த்தால் எஞ்சின் தரையில் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே வீட்டு வாசலிலேயே எஞ்சின் மாற்றும் ஒரு ஜாதி மனிதர்கள் தோன்றினார்கள். சின்ன எஞ்சினைக் கழற்றிப் பெரிய எஞ்சினை வைத்தால் என்ன என்ற ஆசையும் கூடவே தோன்றிற்று.

ஆசைக்கு முதல் இரை போர்ஷே எஞ்சின். யுத்தம் முடிந்த பிறகு போர்ஷேயைப் பிரெஞ்சுக்காரர்கள் சிறையில் வைத்திருந்தார்கள், 1947-இல்தான் விட்டார்கள். அவர் மகன் பெரி போர்ஷே ஆஸ்திரியாவில் க்மூண்ட் என்ற சிற்றூரில் பட்டறை நடத்தி, 1948-இல் தம் பெயரிலேயே முதல் காரை ஓட்டிப் பார்த்தார். அதற்கு 356 என்று எண். அதன் எஞ்சின் வண்டு காரின் எஞ்சின்தான். பட்டை தீட்டி 35 குதிரைச் சக்தி வரை உயர்த்தியிருந்தார்கள். பிறகு போர்ஷே எஞ்சின் தன் வழியே வளர்ந்து பெரியவனாயிற்று. ஆனாலும் தாய்வீட்டுச் சாயல் போகவில்லை. ஆகவே விபத்தில் நசுங்கிய போர்ஷேயிலிருந்து எஞ்சினை எடுத்து வண்டின் முதுகில் வைத்துக்கொள்பவர்கள் இருந்தார்கள். பார்த்தால் பரம சாதுவான வண்டு. பச்சை விளக்கு விழுந்ததும் பக்கத்துக் காரை ஏளனம் செய்துவிட்டுப் போகும்.

இங்கே பிளைவீல் தன் முதல் பாடத்தைக் கற்பித்தது. வண்டின் சக்கரம் கிராங்க் அச்சின் நுனியில் எப்படி நிற்கிறது தெரியுமா? நடுவே ஒரே ஒரு பெரிய மறைத்திருகு. அதைச் சுற்றி 8 மில்லிமீட்டர் பருமனுள்ள நான்கு முளைகள். பாதி அச்சுக்குள், பாதி சக்கரத்துக்குள். அவ்வளவுதான். நடுத்திருகை முறுக்க வேண்டிய அளவு ஏறக்குறைய 30 கிலோகிராம்-மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் 30 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்குமோ அவ்வளவு. சோம்பேறித்தனத்தால் அதில் குறை வைத்தால் சக்கரம் முளைகளின்மேல் மயிரிழை ஆடத் தொடங்கும். ஆடஆட முளைத் துளைகள் வட்டம் இழந்து முட்டை வடிவாகும். துளை கெட்டது சக்கரத்தில் மட்டுமானால் வேறு சக்கரம் வாங்கலாம். கிராங்க் அச்சிலும் கெட்டுவிடுமே! அப்போது எஞ்சினை முழுதும் பிரித்து அச்சையே மாற்ற வேண்டும்.

போர்ஷேக்காரர்கள் தங்கள் எஞ்சினின் பலத்துக்கு நான்கு முளைகள் போதாது என்று கண்டு எட்டு வைத்தார்கள். ஆகவே வண்டின் நான்கு முளைச் சக்கரம் போர்ஷே அச்சில் ஏறாது. அதன் எட்டு முளைச் சக்கரம் வண்டின் அச்சில் ஏறாது. அண்ணன் தம்பி வீட்டுச் சாமான்தான். ஆனால் பாகம் பிரித்தாயிற்று. பின்னாளில் வண்டின் எஞ்சினையே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பலமாக்கியவர்கள் அச்சிலும் சக்கரத்திலும் இன்னும் நான்கு துளைகள் போட்டு அதே எட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இப்படித் துளை போடுவது மெலியவைக்கும் வேலை அல்ல. பிடிப்பைப் பெருக்கும் வேலை. ஆனால் கை கொஞ்சம் பிசகினால் அச்சு வீண்.

பெரிய வழக்கு வந்தது 1966-இல். அதுவரை வண்டின் மின்சாரம் 6 வோல்ட். குளிர்கால விடியலில் ஸ்டார்ட்டர் முனகும். இரவில் முன்விளக்கு அகல்விளக்குப்போல எரியும். ஒரே வேலைக்கு 6 வோல்ட்டில் ஓடவேண்டிய மின்னோட்டத்தில் பாதி போதும் 12 வோல்ட்டுக்கு. கம்பியில் வீணாவதும் குறையும். எல்லாரும் 12-க்குப் போய்விட்ட காலம். ஆகவே அந்த ஆகஸ்டில் தொடங்கிய 1967-ஆம் வருஷ மாடலில், அமெரிக்காவுக்குப் போன கார்களுக்கு 12 வோல்ட் வந்தது. மறு வருஷம் ஜெர்மனியிலும் வந்தது. நல்ல சீர்திருத்தம்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஸ்டார்ட்டர் மாறியதும் அது கவ்வும் பற்களும் மாறின. பழைய 6 வோல்ட் சக்கரத்துக்கு விளிம்பில் 109 பல். புதுச் சக்கரத்துக்கு 130. பழைய சிறு வண்டுகளில் கிளட்ச் தகட்டின் குறுக்களவு 180 மில்லிமீட்டர். புது 1500-க்கு 200. சக்கரமும் ஒரு சுற்றுப் பெருத்தது. அதற்கேற்பக் கியர் பெட்டியின் மணிவாயையும் உள்ளே அகலமாக வார்த்தார்கள். வோல்ப்ஸ்பர்க்கில் வரைபடத்தில் சில எண்கள் மாறின, அவ்வளவே. அன்றிலிருந்து உலகத்தில் இருந்த வண்டுகள் இரண்டு குலமாயின: 109 பல் குலம், 130 பல் குலம்.

1961-இல் வாங்கிய ஒரு வண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எஞ்சின் ஓய்ந்துவிட்டது. பிற்காலத்து 1600 எஞ்சின் ஒன்று கிடைக்கிறது. நான்கு திருகும் சரியாகப் பொருந்துகின்றன. ஆனால் எஞ்சினை உள்ளே தள்ளினால் போகவில்லை. அல்லது போனாலும் சுற்றவில்லை. 130 பல் சக்கரம் பழைய மணிவாயின் உட்சுவரில் இடிக்கிறது. இடிக்காமல் செய்தாலும், பழைய ஸ்டார்ட்டரின் பல்லும் புதுச் சக்கரத்தின் பல்லும் ஒன்றோடொன்று பேசமாட்டா. 'கர்ர்' என்று கடித்துக்கொள்ளும்.

இங்கேதான் அம்மாவின் கேள்வி வருகிறது. எதை ராவுவது?

ஒரு கட்சி சொல்லிற்று: மணிவாயை ராவு. இடிக்கிற இடத்தில் உட்சுவரை அரைத்துவிட்டால் புதுச் சக்கரம் தாராளமாகச் சுற்றும். 12 வோல்ட் ஸ்டார்ட்டரைப் பொருத்தி, அதன் அச்சு நுனி உட்காரும் இடத்தில் தகுந்த புஷ் ஒன்றைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத அந்தப் புஷ்ஷைப் போட மறந்தவர்களின் ஸ்டார்ட்டர் சாய்ந்துகொண்டு சிக்கிக்கொள்ளும். அது தனிக் கதை. இந்த வழி சுலபமானது, ஆயிரக்கணக்கானவர்கள் செய்தது. நிதானமாக அரைத்தால் ஓட்டத்துக்குக் கெடுதலும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டி மக்னீஸியக் கலவையில் வார்த்தது. லேசான உலோகம். அதன் பொடியில் ஒரு பொறி விழுந்தால் மத்தாப்புபோல் பற்றிக்கொள்ளும். அவசரக்காரர் அரைத்தால் சுவர் ஓட்டையாகும். ஒன்று நிச்சயம்: அரைத்துப் போன உலோகம் திரும்பி வராது.

மற்றக் கட்சி சொல்லிற்று: பெட்டியைத் தொடாதே, சக்கரத்தை மாற்று. புது எஞ்சினின் அச்சிலும் அதே நான்கு முளைதானே? 130 பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பழைய 109 பல் சக்கரத்தையே அதில் பூட்டு. பழைய ஸ்டார்ட்டரும் பழைய வாயும் அப்படியே இருக்கட்டும். மின்சாரத்தை 12 வோல்ட் ஆக்கினாலும் பழைய ஸ்டார்ட்டர் தாங்கும். கொஞ்சம் ஆவேசமாகச் சுற்றும், அவ்வளவுதான். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. 180 மில்லிமீட்டர் கிளட்ச் பெரிய எஞ்சினின் பலத்துக்கு வழுக்கும். அதற்கும் வழி கண்டார்கள். 1960-களின் முதற்பாதியில், 12 வோல்ட் வருவதற்கு முன்பே, கம்பெனி தன் பெரிய வண்டிகளுக்காக 109 பல்லும் 200 மில்லிமீட்டர் கிளட்சும் சேர்ந்த ஒரு சக்கரம் செய்திருந்தது. பழைய தலைமுறையின் பல். புதிய தலைமுறையின் தோள். எஞ்சின் மாற்றுகிறவர்கள் பழைய இரும்புக் கடைகளில் தேடித் திரிந்தது இந்தச் சக்கரத்தைத்தான். அது கிடைக்காவிட்டால், 180 சக்கரத்தையே லேத்தில் ஏற்றி முகத்தைக் கடைந்து, 200 கிளட்சுக்குத் துளைகள் போட்டுக்கொண்டார்கள்.

இந்தப் பொருத்தம் பார்ப்பதில் எத்தனை நுணுக்கம்! பழைய சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு மெல்லிய வளையத் தகடு வைத்து எண்ணெய் கசியாமல் காத்தார்கள். பிற்காலத்துச் சக்கரத்தில் ஒரு பள்ளம் கடைந்து ரப்பர் வளையம் வைத்தார்கள். ஒன்றுக்கு உரியதை மற்றதற்கு வைத்தால் கிளட்செல்லாம் எண்ணெய். கிராங்க் அச்சு முன்னும் பின்னும் அசையலாம், ஆனால் 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர் வரைதான். தலைமயிர் ஒன்றின் பருமன், மிஞ்சினால் இரண்டு. மூன்று மெல்லிய வளையங்களை மாற்றி மாற்றி வைத்து, அளந்து, கழற்றி, மறுபடி அளந்து, அந்த இடைவெளியைக் கொண்டுவர வேண்டும். சக்கரத்தை மாற்றினால் இந்த அளவும் மாறும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "பழைய எஞ்சினில் சரியாகத்தானே இருந்தது?" என்று வாதம் செய்பவனை எஞ்சின் மன்னிப்பதில்லை.

இந்த வித்தை உச்சத்துக்குப் போன இடம் கலிபோர்னியா. ரிவர்ஸைட் என்னும் ஊரில் ஜோ விட்டோன் என்பவர் நடத்திய எம்பி என்ற கம்பெனி, வண்டை வேகமாக்கும் உறுப்புகளை விற்றது. 1964-இல் புரூஸ் மேயர்ஸ் என்பவர் வோக்ஸ்வாகன் எஞ்சினை வைத்துக் கண்ணாடி நாரினால் திறந்த உடம்பு கட்டி, மணல் மேட்டில் ஏறும் ஒரு வேடிக்கை வண்டி செய்தார். 1967 ஏப்ரலில் அவரும் நண்பர் ஒருவரும் மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸ் முதல் டிஹுவானா வரை சுமார் 1,500 கிலோமீட்டர் கரடுமுரடான பாதையை 34 மணி 45 நிமிஷத்தில் கடந்தார்கள். அதற்கு முன் மோட்டார் சைக்கிளில் ஏற்பட்டிருந்த சாதனையைவிட ஐந்து மணி நேரம் குறைவு. அப்புறம் கேட்பானேன்! மணல் வண்டி கட்டுகிறவர்கள் காற்றில் குளிரும் எந்த எஞ்சினையும் விடவில்லை.

அவர்கள் கண்ணில் பட்டது ஷெவர்லே கம்பெனியின் கோர்வேர். 1959 முதல் 1969 வரை வந்த கார். ஆறு சிலிண்டர், படுத்த எஞ்சின், காற்றுக் குளிர்ச்சி, பின்புறம் வாசம். ஜாதகம் அப்படியே பொருந்தியது. வோக்ஸ்வாகன் கியர் பெட்டியோடு அதை இணைக்க நடுவில் ஒரு தட்டுச் செய்தார்கள். ஆனால் ஒரு பெரிய விபரீதம் இருந்தது. கோர்வேர் எஞ்சின் சுற்றுவது எதிர்ப்பக்கம்! அப்படியே பூட்டினால் முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நான்கு கியர் என்று ஆகும்.

இதற்கு அவர்கள் செய்த பரிகாரம் எனக்கு மிகவும் பிடிக்கிறது. எஞ்சினை மிரட்டவில்லை. அரத்தை எடுக்கவில்லை. கியர் பெட்டியைத் திறந்து, பின்சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரத்தை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் திருப்பிப் பூட்டினார்கள். எதிராகச் சுற்றும் எஞ்சின் எதிராகவே சுற்றிக்கொண்டிருந்தது. கார் நேராகப் போயிற்று. வேண்டாம் என்றால் மறுபடி திறந்து திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் தேயவில்லை, ஒன்றும் குறையவில்லை. சுபாவம் மாறுபட்ட இருவரை ஒரே வீட்டில் வாழவைக்க இதைவிட நல்ல யோசனை எந்தப் பெரியவர் சொன்னார்?

எல்லாரும் இப்படி இல்லை. பந்தயக்காரர்கள் பிளைவீலின் பாரத்தைக் குறைத்தால் எஞ்சின் துள்ளி எழும் என்று கண்டு லேத்தில் ஏற்றிக் கடைந்தார்கள். சுமார் 8 கிலோ உள்ள சக்கரத்தில் ஒரு கிலோ, இரண்டு கிலோ எடுத்தார்கள். எஞ்சின் துள்ளத்தான் துள்ளிற்று. ஆனால் தெருவில் நிதானமாக ஓடும்போது தடுமாறிற்று. பாரம் என்பது சும்மா இருக்கவில்லை. அதுதான் நிதானம் என்பது கடைந்த பிறகு தெரிந்தது. பேராசைக்காரர்கள் இன்னும் கடைந்து, வேகத்தில் சக்கரம் தெறித்துச் சிதறும் அபாயத்தையும் தேடிக்கொண்டார்கள்.

ஆண்டுகள் போயின. 1972 பிப்ரவரி 17 அன்று வண்டின் எண்ணிக்கை போர்டு கம்பெனியின் 'டி' மாடலைத் தாண்டிற்று. 1974 ஜூலையில் வோல்ப்ஸ்பர்க்கில் அதன் உற்பத்தி நின்றது. 1978-இல் ஜெர்மனியிலேயே நின்றது. மெக்ஸிகோவில் பூவெப்லா நகரத்தில் 2003 ஜூலை 30 அன்று கடைசி வண்டு வெளியே வந்தது. மொத்தம் 2 கோடியே 15 லட்சத்து 29 ஆயிரத்து 464. இத்தனை வருஷமும் வெளிவந்தவை 130 பல் குலத்தின் வாரிசுகள். அதனால் 130 பல் சக்கரம் ஏராளம். 109 பல் சக்கரம் குறைந்துகொண்டே வருகிறது. பழைய வண்டைப் பழையபடியே வைத்திருக்க விரும்புகிறவர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள். ஒரு காலத்தில் பட்டறை மூலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த தட்டைத் துடைத்து, விளிம்பில் சாக்கட்டியால் அடையாளமிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று பல்லை எண்ணுகிறார்கள். நூற்றொன்பதில் சுற்று முடிந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இந்தச் சரித்திரத்தில் வில்லன் யாரும் இல்லை. 12 வோல்ட் கொண்டுவந்தவர்கள் செய்தது சரி. பெரிய எஞ்சினுக்கு ஆசைப்பட்டவனும் தப்புச் செய்யவில்லை. பழசும் புதுசும் சேரத்தான் வேண்டும். சேராவிட்டால் பழசு நின்ற இடத்தில் துருப்பிடிக்கும். சேரும்போது எங்கேயோ இடிக்கத்தான் செய்யும். எதையாவது ராவித்தான் ஆகவேண்டும். நல்ல தொழிலாளிக்கும் அவசரக்காரனுக்கும் உள்ள வித்தியாசம் அரத்தின் கூர்மையில் இல்லை. போனால் வேறு கிடைக்கக்கூடியது எது, போனால் போனதுதான் என்பது எது என்று அரத்தை எடுக்குமுன் ஒரு நிமிஷம் யோசிப்பதில் இருக்கிறது. சக்கரம் வேறு கிடைக்கும். அச்சு கிடைக்காது.

அம்மாவின் மெஷின் இப்போது கூடத்தில் ஒரு மூலையில் நிற்கிறது. சித்தப்பா வீட்டிலிருந்து வந்த அசல் சக்கரம்தான் அதில் இருக்கிறது. போன வருஷம் கடைசல் பட்டறைக்காரர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வயசானவர். வீட்டுக்கு வந்தார், அச்சைத் தடவிப் பார்த்தார், கையில் கொண்டுவந்த அரத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார். மறுநாள் ஒரு மெல்லிய பித்தளைக் குழாயைக் கடைந்து கொண்டுவந்து, மெலிந்த அச்சின்மேல் சட்டைபோல் மாட்டி, அதன்மேல் சக்கரத்தை ஏற்றினார். சக்கரம் ஆடாமல் நின்றது.

"அச்சை யாரோ ராவியிருக்கிறார்கள்" என்றார்.

"ஆமாம்" என்றாள் அம்மா. "பாவம், அவனிடம் அரம்தான் இருந்தது."